ஸ்பியருக்குத் தெரியுமா, தெரியாதா?

சில வருடங்களுக்கு முன் பெர்லினில் நிற்கும் ஒரு கான்கிரீட் உருளையைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். நான் சிவில் படித்தவன். மண்ணின் தாங்குதிறன், லோட் டெஸ்ட் என்று ஆரம்பித்தால் மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும், எனக்கு உற்சாகம் வரும். அந்த உருளை 1941-42இல் டெம்பெல்ஹாஃப் பகுதியில் கட்டப்பட்டது. தரைக்கு மேல் 14 மீட்டர், தரைக்குக் கீழே 18 மீட்டர். எடை 12,650 டன். ஹிட்லர் கட்ட நினைத்த 117 மீட்டர் உயர வெற்றி வளைவை பெர்லின் மண் தாங்குமா என்று பார்க்கத்தான் இத்தனை கான்கிரீட்டையும் கொட்டினார்கள். மூன்று வருடத்துக்குள் உருளை கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. வளைவு வரவே இல்லை. அதற்காக வைத்த சோதனைப் பாரம் மட்டும் இன்றும் நிற்கிறது.

எனக்கு அப்போது இது ஒரு பொறியியல் வேடிக்கையாகத்தான் தெரிந்தது. ரசித்து எழுதியிருந்தேன். கீழே ஒரு வாசகர் கேட்டார்: "இதைக் கட்டினது யார் சார்?" நான் உடனே, "ஆல்பர்ட் ஸ்பியர், ஹிட்லரின் கட்டடக் கலைஞர்" என்று பதில் போட்டேன். மறுபடி அவர் கேட்டது ஒரே வரி: "அவரா கல்லும் மண்ணும் சுமந்தார்?"

தேடிப் பார்த்தேன். பிரெஞ்சுப் போர்க்கைதிகளை வைத்துத்தான் வேலை வாங்கியிருக்கிறார்கள். என் குறிப்பில் எடை இருந்தது, ஆழம் இருந்தது, இறக்கம் சென்டிமீட்டர் கணக்கில் இருந்தது. ஆள் மட்டும் இல்லை.

அந்த வெட்கத்தில்தான் ஸ்பியர் பற்றிய புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன். இந்தக் கட்டுரை அவர் வாழ்க்கைச் சுருக்கம் இல்லை. அவர் வாழ்க்கை எப்படிச் சொல்லப்பட்டது, அதை நாம் ஏன் நம்பினோம் என்பதைப் பற்றியது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஸ்பியர் 1905இல் மான்ஹைமில் பிறந்தவர். வசதியான குடும்பம், அப்பாவும் தாத்தாவும் கட்டடக் கலைஞர்கள். 1931இல் நாஜி கட்சியில் சேர்ந்தார். நியூரம்பெர்க் மாநாட்டு மைதானத்தைச் சுற்றி விமான எதிர்ப்புத் தேடுவிளக்குகளை வானத்தை நோக்கித் திருப்பி 'ஒளிக் கோயில்' அமைத்தது இவர்தான். 1937இல் பெர்லின் முழுவதையும் மாற்றிக் கட்டும் அதிகாரம் கைக்கு வந்தது. 1942 பிப்ரவரியில் ஆயுத அமைச்சர் ஃப்ரிட்ஸ் டோட் விமான விபத்தில் இறந்ததும் அந்த நாற்காலியும் இவருக்கே. போர் முடிந்ததும் நியூரம்பெர்க் விசாரணையில் 20 வருடச் சிறை. 1966இல் வெளியே வந்தார். 1969இல் நினைவுக் குறிப்புகள் வெளியாகின. அடுத்த வருடம் ஆங்கிலத்தில் 'இன்சைட் தி தேர்ட் ரைக்'. உலகம் முழுக்க விற்பனை. 1981இல் பிபிசி பேட்டிக்காக லண்டன் போன இடத்தில் இறந்தார்.

கட்டடம், போர், குற்றம் மூன்றும் ஒரே ஆளிடம். ஆனால் அவர் புத்தகத்தைப் படிக்கும்போது மூன்றும் மூன்று தனித்தனி அறைகள் மாதிரி இருக்கும். முதல் அறையில் லட்சிய வெறி பிடித்த இளம் கலைஞர். இரண்டாவது அறையில் அரசியல் தெரியாத, வேலையே கதியென்று கிடக்கும் நிர்வாகி. மூன்றாவதில் மனம் வருந்தும் கைதி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அவர் வைத்திருக்கும் ஒரே கதவு, "எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேன்" என்ற வருத்தம்.

கல்லூரி முடித்த புதிதில் பழைய புத்தகக் கடையில் வாங்கி இதைப் படித்தேன். மயங்கித்தான் போனேன், மறைக்க ஒன்றுமில்லை. மற்ற நாஜித் தலைவர்கள் எல்லாம் ரவுடிகள், பைத்தியங்கள், கொலைகாரர்கள். இவர் மட்டும் நம்ம ஆள் மாதிரி. டிராயிங் போடுபவர், கால அட்டவணைக்காக ராத்திரி முழுக்க உட்காருபவர், மீட்டிங்கில் எரிச்சல் படுபவர். படித்த, நாகரிகமான ஆள் ஒருவர் தப்பு செய்துவிட்டு அதை ஒப்புக்கொள்கிறார். இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது.

இப்போது ஒவ்வொரு அறையாகப் பார்ப்போம்.

கல் எங்கிருந்து வந்தது

புது பெர்லினுக்கு ஸ்பியர் போட்ட திட்டத்தில் 290 மீட்டர் உயர மண்டபம் ஒன்று. உள்ளே 1,80,000 பேர் நிற்கலாம். ஹிட்லருக்கும் ஸ்பியருக்கும் இரும்புச் சட்டக் கட்டடங்கள் பிடிக்காது, கருங்கல்தான் வேண்டும். அவ்வளவு கல்லுக்கும் செங்கல்லுக்கும் எங்கே போவது?

1938இல் எஸ்.எஸ். அமைப்பு கல்லும் செங்கல்லும் தயாரிக்கத் தனியாக ஒரு நிறுவனம் தொடங்கியது. ஃப்ளோசன்புர்க், மௌத்ஹௌசன் வதைமுகாம்களுக்கு அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் பக்கத்திலிருந்த கருங்கல் குவாரிகள். பெர்லினுக்கு அருகே சாக்சென்ஹௌசன் முகாமை ஒட்டிச் செங்கல் சூளை. இந்த நிறுவனத்துக்கு ஸ்பியரின் அலுவலகம் கடனாக முன்பணம் கொடுத்தது, கல்லுக்கும் செங்கல்லுக்கும் ஆர்டர் கொடுத்தது. மௌத்ஹௌசன் குவாரியில் 186 படிகள். கைதிகள் முதுகில் கல்லோடு அதில் ஏறினார்கள், ஏறும்போதே செத்து விழுந்தார்கள்.

அடுத்து வீடு. பெர்லின் நடுவில் அகலமான சாலை போட வேண்டுமென்றால் அங்கே இருக்கும் வீடுகளை இடிக்க வேண்டும். இடித்தால் அந்தக் குடித்தனக்காரர்களுக்கு மாற்று வீடு தர வேண்டும். நகர்த் திட்டத்தில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும், இது இருப்பதிலேயே பெரிய தலைவலி. ஸ்பியரின் அலுவலகம் கண்டுபிடித்த தீர்வு, யூதர்களை அவர்கள் வீட்டிலிருந்து கிளப்பிவிட்டு அந்த வீடுகளை மற்றவர்களுக்குத் தருவது. 1939இல் யூதக் குடித்தனக்காரர்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. எந்த வட்டாரத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று ஸ்பியரின் துறை முடிவெடுத்தது. மொத்தம் 75,000 பேர் வரை இப்படி வீடிழந்தார்கள். 1941 அக்டோபரில் பெர்லினிலிருந்து கிழக்கே ரயில்கள் கிளம்ப ஆரம்பித்தபோது, வீடு காலியாவது என்றால் அதில் இருந்தவர்கள் அந்த ரயிலில் ஏற்றப்படுவது என்று ஆகிவிட்டது.

இதெல்லாம் நடந்தபோது அவர் ஆயுத அமைச்சர்கூட இல்லை. வெறும் 'கட்டடக் கலைஞர்'. அதாவது குற்றம் இரண்டாவது அறையில் தொடங்கவில்லை. முதல் அறையிலேயே, வரைபட மேசையிலேயே இருந்தது.

இந்தச் செய்தி நமக்கு எப்படித் தெரிய வந்தது என்பது தனிக்கதை. ஸ்பியரின் நண்பரும் உடன் வேலை பார்த்தவருமான ரூடோல்ஃப் வோல்டர்ஸ், அலுவலகத்தின் நடவடிக்கைகளை நாளேடு மாதிரி எழுதி வைத்திருந்தார். வீடு காலி செய்த விவரமெல்லாம் அதில் உண்டு. ஸ்பியர் சிறையில் இருக்கும்போதே, 1964இல், வோல்டர்ஸ் அதைத் திரும்ப டைப் செய்து, சங்கடமான பகுதிகளை எடுத்துவிட்டார். விடுதலையான பிறகு அந்தச் சுத்தப்பதிப்பை ஸ்பியர் அரசு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தார். பிற்பாடு நண்பர்கள் இருவருக்கும் மனஸ்தாபம். வோல்டர்ஸ் அசலை மத்தியாஸ் ஷ்மிட் என்ற இளம் ஆய்வாளரிடம் காட்டிவிட்டார். ஷ்மிட்டின் புத்தகம் 1982இல் வந்தது. ஸ்பியர் இறந்ததற்கு அடுத்த வருடம்.

மனம் வருந்தியவரின் ஆவணம் வெட்டப்பட்டா வரும்? இந்தக் கேள்விக்கு அவர் புத்தகத்தில் பதில் கிடையாது.

ஆயுத அதிசயமும் ஆள்பிடித்தவரும்

இரண்டாவது அறைக்கு வருவோம். ஸ்பியர் வந்ததும் ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி மூன்று மடங்கு ஆனது, குண்டுமழைக்கு நடுவிலும் சாதித்தார் என்பது மேலாண்மைப் பாடமாகவே சொல்லப்படுகிற கதை. நானும் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேன். ஆடம் டூஸ் 2006இல் எழுதிய பொருளாதார வரலாற்று நூல் இதைப் பிரித்து மேய்ந்துவிட்டது. 1940-41இல் போட்ட முதலீடுகள் பலன் தரும் நேரத்தில்தான் ஸ்பியர் பதவிக்கு வருகிறார். ஒப்பிட எடுத்துக்கொண்ட தொடக்கப் புள்ளி, 1942 ஆரம்பம், உற்பத்தி தாழ்ந்திருந்த நேரம். கணக்கில் பெரும்பங்கான விமான உற்பத்தி 1944 வரை அவர் கையில் இல்லை. அவர் அமைச்சகமே இந்த எண்களைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தியது. வளர்ச்சி பொய் இல்லை, ஆனால் 'அதிசயம்' விளம்பரம்.

உண்மையான வளர்ச்சியில் பெரிய பங்கு ஆட்களுடையது. அந்த ஆட்களைக் கொண்டுவந்தவர் ஃப்ரிட்ஸ் சாக்கெல். ஸ்பியர் கேட்பார்: இத்தனை லட்சம் பேர் வேண்டும். சாக்கெலின் ஆட்கள் போலந்திலும் உக்ரைனிலும் பிரான்ஸிலும் போய்ப் பிடித்து வருவார்கள். வந்த ஐம்பது லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளரில் இரண்டு லட்சம் பேர்கூட விரும்பி வரவில்லை என்று சாக்கெலே 1944இல் ஒரு கூட்டத்தில் சொன்னார்.

நியூரம்பெர்க்கில் இருவரும் ஒரே குற்றவாளிப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். சாக்கெல் முன்னாள் கப்பல் தொழிலாளி, கரடுமுரடான பேச்சு. ஸ்பியர் நல்ல கோட், நிதானமான பேச்சு, 'ஒட்டுமொத்தப் பொறுப்பை ஏற்கிறேன்' என்ற அழகான வாக்கியம். ஆள் கொண்டுவந்தவருக்கு 1946 அக்டோபர் 16இல் தூக்கு. ஆள் கேட்டவருக்கு 20 வருடம். தீர்ப்பின் காரணங்கள் பல இருக்கலாம். ஆனாலும் படிக்கும்போது எனக்கு நம்ம ஊர் சைட் ஞாபகம்தான் வந்தது. லேபர் காண்ட்ராக்டர் மாட்டுவார். "எனக்கு நாளைக்குள்ள இருநூறு பேர் வேணும், எப்படியாவது கொண்டு வா" என்று போனில் சொன்னவர் மாட்டமாட்டார். அளவில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. பேசும் விதம் மட்டும் ஒன்றுதான்.

இன்னும் ஒரு சம்பவம். ஹார்ஸ் மலைக்குள் சுரங்கம் தோண்டி வி-2 ராக்கெட் செய்தார்கள், மிட்டல்பாவ்-டோரா. சுமார் 60,000 கைதிகள், அதில் 20,000 பேர் வரை இறந்தார்கள். ஸ்பியர் 1943 டிசம்பர் 10இல் அங்கே போனார். கண்டு அதிர்ந்ததாகவும் நிலைமையைச் சரிசெய்யச் சொன்னதாகவும் புத்தகத்தில் எழுதினார். ஆனால் போய்வந்த ஒரு வாரத்தில், கட்டுமானப் பொறுப்பிலிருந்த எஸ்.எஸ். அதிகாரி காம்லருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். அதில் இருப்பது பாராட்டு. இரண்டே மாதத்தில் இப்படி ஒரு வேலையா, ஐரோப்பாவில் இதற்கு ஈடே கிடையாது என்ற தொனி. 26 வருடம் கழித்து எழுதிய அதிர்ச்சியை நம்புவதா, ஒரு வாரத்தில் போட்ட பாராட்டை நம்புவதா?

அவரே வைத்த கேள்வி

இப்போது விமர்சகர்கள் பக்கம் வருகிறேன். என் சண்டை உண்மையில் இவர்களோடுதான்.

நினைவுக் குறிப்புகளை மெருகேற்ற உதவியவர்கள் பதிப்பாளர் வோல்ஃப் யோப்ஸ்ட் ஸீட்லரும் வரலாற்றாசிரியர் யோவாகிம் ஃபெஸ்ட்டும். இருவரும் நாஜி அனுதாபிகள் இல்லை, அதற்கு நேர் எதிரானவர்கள். அப்படியும் அந்த ஆளின் பேச்சில் விழுந்தார்கள். ஃபெஸ்ட்டே கடைசிக் காலத்தில், ஸ்பியர் எங்களை ஏமாற்றிவிட்டார் என்ற அர்த்தத்தில் பேசினார்.

பத்திரிகையாளர் கிட்டா செரெனி 1995இல் எழுதிய பெரிய நூல் இவர்களைவிடப் பல மடங்கு மேல். ஸ்பியரோடு நாள்கணக்கில் உட்கார்ந்து பேசி, குறுக்குக் கேள்வி கேட்டு, கடைசியில் மௌனமாகச் சம்மதித்தேன் என்கிற அளவுக்கு அவரை இழுத்து வருகிறார். ஒரு மனிதன் தனக்குத்தானே எப்படிப் பொய் சொல்லிக்கொள்கிறான் என்று பார்க்க இன்றும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனாலும் நூலின் மையக் கேள்வி, 'யூதர்கள் கொல்லப்படுவது அவருக்குத் தெரியுமா?' என்பதுதான். அந்தக் கேள்வியை வைத்தது செரெனி இல்லை, ஸ்பியர். நியூரம்பெர்க்கிலிருந்து சாகும்வரை அவர் தயாராக நின்று விளையாடிய மைதானம் அது. தெரியுமா, தெரியாதா என்பது மனசுக்குள் நடக்கும் விஷயம். சாட்சி அவர் ஒருவர்தான். அங்கே யார் ஜெயிக்க முடியும்?

இதில் பெரிய சர்ச்சை போஸன் உரை. 1943 அக்டோபர் 6இல் போஸன் நகரில் கட்சித் தலைவர்கள் முன்னால் ஹிம்லர் யூத அழிப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஸ்பியர் அன்று காலை அங்கே பேசியவர். ஹிம்லர் பேசும்போதும் இருந்தாரா? 1971இல் ஒரு அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கேள்வியைக் கிளப்பியதும், அதற்கு முன்பே கிளம்பிவிட்டேன் என்று ஸ்பியர் வாதாட ஆரம்பித்தார், சாட்சிகளையும் சேர்த்தார். 2007இல் ஒரு கடிதம் வெளியே வந்தது. பெல்ஜிய எதிர்ப்பியக்க வீரர் ஒருவரின் மனைவிக்கு அதே 1971 டிசம்பரில் எழுதியது. சந்தேகமே இல்லை, அந்த உரையின்போது நான் இருந்தேன் என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறார்.

கடிதம் வெளிவந்ததும் மர்மம் தீர்ந்தது என்று பேசினார்கள். எனக்கு அது கொஞ்சம் கசப்பாக இருந்தது. ஆஷ்விட்ஸ் முகாமை விரிவாக்க 1942 செப்டம்பரில் 1.37 கோடி மார்க் மதிப்புள்ள கட்டுமானத்துக்கு ஸ்பியர் ஒப்புதல் கொடுத்தது ஆவணத்தில் இருக்கிறது. வீடு பறித்தது இருக்கிறது. குவாரிக்குப் பணம் போனது இருக்கிறது. இவ்வளவும் கையெழுத்தோடும் தேதியோடும் கிடக்கும்போது, ஒரு மதியவேளை அவர் எந்த ஹாலில் உட்கார்ந்திருந்தார் என்று முப்பது வருடம் தேடியிருக்கிறோம். 'என்ன தெரியும்' என்று கேட்டால்தான் ஹால் முக்கியம். 'என்ன செய்தார்' என்று கேட்டிருந்தால் கோப்பைத் திறந்தாலே போதும். மாக்னுஸ் ப்ரெஷ்ட்கெனின் 2017 வாழ்க்கை வரலாறு இந்த இரண்டாவது வழியில் போகிறது. அதைப் படிக்கையில் ஸ்பியரின் 'மர்மம்' காணாமல் போய், சுறுசுறுப்பான ஒரு அதிகாரிதான் மிஞ்சுகிறார்.

இன்னொரு முனையில் லியோன் கிரியர். லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1985இல் ஸ்பியரின் கட்டடங்களை மட்டும் வைத்து அழகான பெரிய புத்தகம் போட்டார். கட்டடத்தைக் குற்றத்தோடு சேர்க்காதீர்கள், தூண்கள் யாரையும் கொல்லவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ராக்கெட் செய்த ஃபான் பிரவுனை அமெரிக்கா தலையில் வைத்துக் கொண்டாடியதே, கட்டடக் கலைஞரை மட்டும் ஏன் ஒதுக்குகிறீர்கள் என்றும் கேட்கிறார்.

இரண்டாவது கேள்வி நியாயமானதுதான். ஃபான் பிரவுனின் ராக்கெட் வந்ததும் அதே டோரா சுரங்கத்திலிருந்துதான். ஆனால் அதற்குப் பதில் ஸ்பியரை விடுவிப்பதில்லை, ஃபான் பிரவுனையும் விசாரிப்பது. முதல் வாதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. தூண் தானாக வந்து நிற்பதில்லை. கல், நிலம், ஆள் மூன்றும் வேண்டும். ஸ்பியர் விஷயத்தில் கல் மௌத்ஹௌசனிடம் கேட்டது, நிலம் வீட்டைப் பறித்து எடுத்தது, ஆள் கைதி. கட்டடத்தை மட்டும் தனியாகப் பாருங்கள் என்று சொல்பவர், டிராயிங்கைப் பார் சைட்டைப் பார்க்காதே என்கிறார். எங்கள் துறையில் அப்படிப் பார்ப்பவரை யாரும் இன்ஜினியர் என்று சொல்ல மாட்டோம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1945 மார்ச் 19, ஸ்பியரின் நாற்பதாவது பிறந்தநாள். ஜெர்மனியின் பாலம், ஆலை, மின்நிலையம் எல்லாவற்றையும் அழித்துவிடு என்று அன்று ஹிட்லர் ஆணையிட்டார். அதை நிறைவேற்றாமல் ஸ்பியர் இழுத்தடித்தார். ராணுவத்தினர், ஆலை முதலாளிகள் என்று பலரும் அதைச் செய்தார்கள், இவரும் செய்தார். அதில் பிழைத்தவர்கள் உண்டு. கணக்கில் அதையும் எழுத வேண்டும். ஆனால் அது ஒரு வரி. புத்தகத்தில் அது ஒரு நாயகனின் கடைசிக் காட்சி மாதிரி வந்து நிற்கிறது.

ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1947லேயே, நாஜி ஜெர்மனியின் உண்மையான குற்றவாளி ஒருவகையில் ஸ்பியர்தான் என்று எழுதினார். அரசியல் எனக்கு எதற்கு, சாலையும் பாலமும் ஆலையும் போதும் என்று நினைத்த புத்திசாலி என்பதால். அந்தக் கருத்தைப் பல காலம் மேற்கோள் காட்டியவன் நான். இப்போது அதுவும் போதவில்லை. அரசியல் தெரியாத தொழில்நுட்பவாதி என்பதும் ஸ்பியர் நமக்குக் கொடுத்த வேடம்தான். வீடு பறிக்கத் தெரிந்தவருக்கு, ஹிம்லரோடு கல்லுக்குப் பேரம் பேசத் தெரிந்தவருக்கு அரசியல் தெரியாது என்றால் எப்படி?

அந்தப் பழைய குறிப்பை நான் நீக்கவில்லை. நான் எப்படி ஏமாந்தேன் என்பதும் தெரியட்டும். எடைக்கும் ஆழத்துக்கும் மேலே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்: 'கட்டியவர்கள்: பிரெஞ்சுப் போர்க்கைதிகள். கட்டச் சொன்னது: ஸ்பியரின் அலுவலகம்.' அன்று கேள்வி கேட்ட வாசகர் இதைப் படித்தால், ரொம்ப லேட்டாக வந்த பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள் சார்.